கார் என் பேரில்தான் இருக்கிறது

கடப்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கிஷோருக்கு அம்மா எழுதிக்கொள்வது. கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கொஞ்சம் எழுதிக்கொண்டு போனால் கேட்கிற நிலைமையில் இருக்க மாட்டேன். இங்கே தேவிப்பிரியாவும் பாப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, சோறு வாங்குகிறாள், ராத்திரி இருமல் இல்லை. உன் அப்பா இருக்கிறார், நேரத்துக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, வயிற்றெரிச்சல்தான், அதற்கு எந்த மெடிக்கலிலும் மாத்திரை கிடையாது.

இந்தக் காலத்தில் எதற்கு இவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் காரைப் பற்றி வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், அம்மா குரல் எலி கத்துகிற மாதிரி இருக்குமாம், உன் பெண்டாட்டியே சிரித்துக்கொண்டு சொன்னாள். காகிதத்தை ஓடவிட முடியாது இல்லையா. லீவு முடிந்து கத்தாருக்கே நர்ஸ் வேலைக்குத் திரும்புகிற நம் ஊர்ப் பிரிசில்லா கையில் கொடுத்து அனுப்புகிறேன், உன் கையில்தான் தர வேண்டும், நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. கூடவே நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று இருக்கிறது, கோபம் வேறு கருவாடு வேறு.

பரமன்கேணிப் பாலத்தில் கார் நின்றுபோனது உனக்குத் தெரியும். எப்படி நின்றது என்று தெரியாது, அவர் அங்கே தனியாக இருந்துகொண்டு பதறுவார், சொல்லாதீர்கள் அத்தை என்று தேவிப்பிரியா கெஞ்சினாள். இப்போது சொல்கிறேன், நீ பதறத்தான் வேண்டும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கூவத்தூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு நாலு பேரும் திரும்பி வருகிறோம், விளக்கு வைக்கிற நேரம், அப்பா ஓட்டுகிறார். பாலத்தில் ஏறும்போது முன் விளக்கு, உள் விளக்கு, ஹாரன், இன்ஜின் எல்லாம் ஒரே அடியாக அணைந்துவிட்டது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. "திரும்ப மாட்டேங்குதுடி" என்று உன் அப்பா இரண்டு கையாலும் மல்லுக்கட்டுகிறார், பின்னால் பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. அந்த டிரைவர் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, கடைசி நேரத்தில் ஒடித்து எடுத்தான், நம் வண்டியின் பக்கக் கண்ணாடி மட்டும் பிய்ந்து போனது. தேவிப்பிரியா பாப்பாவோடு இறங்கப் பார்த்தால் அவள் பக்கத்துக் கதவு பூட்டு இறுகிப்போய்த் திறக்கவில்லை, என் பக்கமாக இழுத்துத்தான் இறக்கினேன். குழந்தை அழக்கூட இல்லை கிஷோர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கோர்ட்டு வரைக்கும் நான் போவது அந்தப் பார்வைக்காகத்தான். பணத்துக்காக என்று நீ நினைத்தால் உன் அம்மாவை உனக்குத் தெரியவில்லை.

இந்தக் கார் எப்படி நம் வாசலுக்கு வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இப்போது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மறந்துவிட்ட மாதிரி நடிக்கிறீர்கள். ஃபோனில் விளம்பரம் பார்த்தது நீ. கடைக்காரன் என்றால் தலையில் கட்டிவிடுவான், ஓனரிடமே நேராக வாங்கிவிடலாம் என்று சொன்னது நீ. நாவலூரில் பெரிய அபார்ட்மெண்ட், வாசுதேவன் என்று பேர், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம், படித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னீர்கள். ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அப்பா போனார். அந்த ஆள் இவரை ஏசி அறையில் சோபாவில் உட்கார வைத்து, ஃபில்டர் காபி கொடுத்து, சார் சார் என்று கூப்பிட்டிருக்கிறான். காருக்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருந்தானாம். மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற வண்டி ஓட்டிய மனுஷனை யார் சார் என்று கூப்பிட்டார்கள், இவர் அங்கேயே கவிழ்ந்துவிட்டார்.

சீட்டுக்கு அடியில் துருவை உன் அப்பா பார்த்தார். நன்றாகப் பார்த்தார். போல்ட்டெல்லாம் துரு, கீழே விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியில் மண். கடல் பக்கமே இல்லாத ஒரு ஊரப்பாக்கத்துக்காரனோ செங்கல்பட்டுக்காரனோ பார்த்திருந்தால் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்திருப்பான். நம் ஆளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் வீட்டில் எது துருப்பிடிக்காமல் இருக்கிறது, சொல்லு. கதவுக் கொண்டி துரு, ஃபேன் துரு, உன் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ துரு. உப்புக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு ஈர வாடை ஒரு வாடையே இல்லை, வண்டியில் மண் இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்படுவார். வந்ததும் என்னிடம், "துரு இல்லாத வண்டி எங்க கீது, நம்ப பக்கத்து வண்டியெல்லாம் துருப்புடிச்சிகினு ஓடிகினுதான கீது, இன்ஜினு கில்லி மாரி கீதுடி" என்று பெருமை வேறு. கடலோரம் நிற்கிற நம் வண்டிக்குத் துரு சரி, அபார்ட்மெண்டுக்கு அடியில் மூடின பார்க்கிங்கில் நின்ற வண்டிக்கு எந்தக் கடல் போய் உப்புக் காற்று அடித்தது. இந்தத் தப்பை நம் குப்பத்து ஆளைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

பாலத்திலிருந்து கட்டி இழுத்துவந்து போட்ட மறுநாள் நானே டிக்கிக் குழிக்குள் கையை விட்டேன். நம் கரை மணல் என்றால் விரலில் நிற்காது, உதிர்ந்துவிடும். இது காய்ந்து வெடித்த கறுப்புக் களிமண், தண்ணீர் பட்டதும் நகத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே சேலையை மாற்றிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி நாவலூருக்குப் போனேன். அந்த அபார்ட்மெண்ட் வாசலில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற பெண்ணிடம் சிவப்புக் கார் வாசுதேவன் வீடு எது என்றுதான் கேட்டேன். அவளாகவே, "அந்தச் செவப்பு வண்டியா, புயல்ல ஏரித் தண்ணி பூந்து கீழ் பார்க்கிங் ரொம்பி அது முழுகிப் பூட்ச்சேம்மா, ஒரு வாரம் கூரதான் தெரிஞ்சிகினு இருந்துச்சு, தண்ணி வடிஞ்சப்பறம் கட்டி இழுத்துகினு போனாங்கோ" என்றாள். ஒரு வாரம் ஏரித் தண்ணீருக்குள் கிடந்த வண்டியில் காய்ச்சல் குழந்தையை வைத்துக்கொண்டு போயிருக்கிறோம். வாசுதேவன் லிஃப்டில் இறங்கி வந்தான். இந்தத் தடவை சோபாவும் இல்லை காபியும் இல்லை, வாசலிலேயே நிற்க வைத்து, "நீங்க பார்த்துதானே வாங்கினீங்க, உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இப்ப வந்து கேட்டா எப்படிம்மா" என்று ஸ்கூல் வாத்தியார் மாதிரி பேசினான். தண்ணீரில் முழுகியதா இல்லையா, அதற்கு மட்டும் பதில் சொல்லு என்றேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான், அந்த ஃபோன் அடிக்கவே இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன், இது சிவில் மேட்டர் கோர்ட்டுக்குப் போ என்று எழுந்திருக்காமலே சொல்லி அனுப்பினார்கள். அப்புறம்தான் எங்கள் மகளிர் குழுவில் ஒருத்தி, செங்கல்பட்டில் கோர்ட்டுப் பக்கத்திலேயே இலவசச் சட்ட உதவி இருக்கிறது, பொம்பளைகள் என்றால் வருமானமெல்லாம் கேட்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றாள். அம்மா பேரில் வாங்கு என்று நீ அன்றைக்கு ஆசையாகச் சொன்னாயே, அது அங்கே உதவியது. அன்பரசி என்று ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள், தேவிப்பிரியாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும், பேச்சில் சர்க்கரை கிடையாது. நுகர்வோர் கோர்ட்டில் போட்டுவிடலாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அது நிற்காது, அந்த ஆள் கார் விற்பதைத் தொழிலாகச் செய்யவில்லை, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை விற்றிருக்கிறான், கடைக்காரனாக இருந்தால்தான் அந்த வழி என்றாள். அதற்காக வழியே இல்லை என்று அர்த்தம் இல்லையாம். மறைத்து, பொய் சொல்லி விற்றால் அந்த வியாபாரமே செல்லாது என்று வாங்கினவர் சொல்லலாம், காரை எடுத்துக்கொள் பணத்தைக் கொடு என்று முதலில் நோட்டீஸ், மசியாவிட்டால் சிவில் கோர்ட்டில் வழக்கு. தெரிந்தே ஏமாற்றினான் என்று காட்ட முடிந்தால் மோசடி கேஸும் உண்டு, ஸ்டேஷனில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நடுவில் சமரசத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காரவும் வேண்டும், கத்தக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். உள்ளது உள்ளபடி என்கிற கையெழுத்து பொய் சொன்னவனைக் காப்பாற்றாதாம், ஆனால் பொய் சொன்னான் என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற துருவைப் பார்த்துவிட்டுத்தானே வாங்கினீர்கள் என்று எதிர் வக்கீல் கேட்பானாம். அதற்கு உன் அப்பா கூண்டில் ஏறி, எங்கள் ஊரில் எல்லாமே துருதான், அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அவருக்கு அது மானக்கேடாம். "நாலு பேரு எதுக்க நா முட்டாளுன்னு சொல்லச் சொல்றியா" என்று என் மேல் பாய்கிறார். அதைவிடப் பெரிய சாட்சி உன் கையில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் தண்ணீர் பட்ட வண்டியா என்று நீ கேட்டதற்கு, ஒரு சொட்டுத் தண்ணி படலை சார் என்று வாசுதேவன் உனக்குப் பேசி அனுப்பினானே, அந்தக் குரல். அது இருந்தால் பாதிக் கேஸ் முடிந்தது, அந்த ஃபோனையே மாற்றாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றாள் அன்பரசி. நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ தேடுகிறேன் தேடுகிறேன் என்கிறாய். நீ ஏன் தேடவில்லை என்று வியாழக்கிழமை வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை கரையில் மீன் ஏலம் முடிந்து கூடையோடு வீட்டுக்கு வருகிறேன், ஒரு ஆளும் அவர் பெண்டாட்டியும் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது, பிய்ந்துபோன கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி, செத்துக் கிடந்த இன்ஜினையும் எனக்குத் தெரியாமல் ஓட வைத்திருக்கிறார்கள். உன் அப்பா என்னைப் பார்த்ததும் தென்னை மரத்தைப் பார்க்கிறார். சூணாம்பேட்டிலிருந்து வருகிறார்களாம், சிவப்பிரகாசம் என்று பேர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அதை விட்டுவிட்டுக் கார் வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போகிறாராம். "எட்டுப் புள்ளைங்க இப்பவே சொல்லிக்கீறாங்கம்மா" என்று அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொல்கிறாள். யார் விற்கிறது என்று கேட்டால் சிவப்பிரகாசம் ஃபோனை என் முன்னால் நீட்டினார். நம் கார் படம். குடும்ப வண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது என்று எழுதியிருக்கிறது. கீழே உன் நம்பர்.

எட்டுப் பிள்ளைகள் கிஷோர். உன் பிள்ளையை நான் ஒரு கதவு வழியாக இழுத்து இறக்கினேன், எட்டு பேரை யார் இழுப்பார்கள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு டிக்கியைத் திறந்து அந்தக் குழியைக் காட்டி, பாலத்தில் நடந்ததிலிருந்து நாவலூர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மனுஷர் முழுக்கக் கேட்டார், கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி, "உங்க புள்ள வேற மாரி சொன்னாரும்மா, எங்கம்மாவுக்குக் காருன்னாலே பயம், எதுனா ஒளறிகினே இருப்பாங்க, நீங்க காதுல போட்டுக்காதீங்கன்னாரு" என்றார். என் முகத்துக்கு நேராகச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. நீ அப்படிச் சொன்னாயா என்று உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் துணியை எடுத்துத் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது, அந்நியர் முன்னால் அழக் கூடாது என்று மீன் மேல் தண்ணீர் தெளிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். வாசுதேவன் எவனோ, அவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். நீ என் வயிற்றில் பிறந்தவன், உன்னை எந்த ஊரில் போய்த் திட்டுவது.

அட்வான்ஸ் உன் கணக்குக்கு வந்துவிட்டது, விலை குறைவாக இருக்கிறது, பிள்ளை உறுதியாகச் சொல்கிறார், யோசிக்கிறேன் என்றுவிட்டுச் சிவப்பிரகாசம் போயிருக்கிறார். அதாவது என் பேச்சை முழுக்க நம்பவில்லை. நம்பாமல் போகும்படி நீ செய்து வைத்திருக்கிறாய். அவர்கள் போனதும் உன் அப்பா வாயைத் திறந்தார், "புள்ள காருக்கு வாங்கின கடன் கட்டிகினு பேஜாரா கீறான், கோர்ட்டு எப்ப முடியறது, யாரு தலையிலயாச்சும் தள்ளிவுட்டா அவனுக்காச்சும் நிம்மதி" என்றார். கடன் எனக்குத் தெரியாதா. நீ ஓவர்டைம் பார்த்துக் கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடப்பது வீடியோவில் தெரிகிறதே, அதைப் பார்க்கிற அன்றைக்கெல்லாம் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அதற்காக யாரோ ஒருத்தர் தலையில் தள்ளலாமா. இந்தக் கார் என் பேரில் இருக்கிறது. விற்க வேண்டும் என்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும், கிழவி கேட்காமல் போட்டுவிடுவாள் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நீ விற்கப் பார்த்தது காரை இல்லை, என் கையெழுத்தை.

மறுநாளே காரின் இரண்டு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு செங்கல்பட்டுக்குப் போய் அன்பரசியிடம் கொடுத்துவிட்டேன். விளம்பரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன், உள்ளே கூசியது, சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தெரிந்தே விற்றால் வாசுதேவன் நிற்கிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள், ஓனர் நீங்கள்தான், கேஸ் உங்கள் பேரில்தான் வரும், பிள்ளை பேரில் இல்லை என்றாள். கார் கையில் இல்லாவிட்டால் காரை எடுத்துக்கொள் என்று அவனைக் கேட்கவும் முடியாது. அந்த விளம்பரம் எதிர் வக்கீல் கண்ணில் பட்டால், தண்ணீர் படாத வண்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, இப்போது எது பொய் என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவானாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நான் விடப் போவதில்லை. உன் அப்பாவும் கூண்டில் ஏறுவார், ஏறுகிற வரைக்கும் இந்த வீட்டில் சோறு மட்டும்தான், பேச்சு கிடையாது.

தேவிப்பிரியாவுக்கு விளம்பர விஷயம் தெரியாது, நான் சொல்லவில்லை, சொல்வதாக இருந்தால் நீ சொல்லு. பாவம், அவள் தையல் மிஷின் வாங்கி இரண்டு பிளவுஸ் தைத்துவிட்டாள், ஒன்று எனக்கு, கை இறுக்கம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன். பாப்பா உன் ஃபோட்டோவைக் காட்டினால், அப்பா ஃபோனுக்குள்ள கீறாரு என்கிறாள். வெயிலில் வேலை செய்கிற நாளில் மோர் குடி, கலர் தண்ணீர் குடிக்காதே. பிரிசில்லாவிடம் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள், உன் அப்பாவுக்கு உன் வயதில்தான் ஆரம்பித்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிரிசில்லா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த விளம்பரத்தை எடுத்துவிடு, அவள் பார்க்கட்டும். சிவப்பிரகாசத்தின் அட்வான்ஸை அப்படியே திருப்பி அனுப்பு, அனுப்பிவிட்டு உன் வாயாலேயே அவரைக் கூப்பிட்டு, என் அம்மா சொன்னதுதான் நிஜம், நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லு. ஸ்கூல் திறப்பதற்குள் அவர் வேறு வண்டி பார்க்க வேண்டும், நாளைக் கடத்தாதே. வாசுதேவன் குரலை அன்பரசிக்கு அனுப்பு, அது அழியவில்லை என்று எனக்குத் தெரியும், நீ எதையும் அழிக்கிற பிள்ளை இல்லை. கடனை நினைத்துக் குமையாதே, எனக்குக் கூடை தூக்க இன்னும் தெம்பு இருக்கிறது, இரண்டு பேருமாகக் கட்டுவோம்.

எல்லையம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும், நீண்ட ஆயுசோடு உன் பெண்டாட்டி பிள்ளையிடம் வந்து சேர வேண்டும், கோபத்திலும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் நீ கூப்பிடுகிற நேரத்துக்கு நான் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், அது உனக்கே தெரியும். இந்த வெள்ளிக்கிழமை பாப்பாவிடம் பேசு, தேவிப்பிரியாவிடம் பேசு. நான் சொன்னதையெல்லாம் முடித்த பிறகு என்னைக் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்,
செ. பவானி